இரத்தினவேலர் ஒரு கையுறை விசாரித்த கதை

விசாரணைக்காரர் என்றதும் பயந்துவிடாதீர்கள். நான் பொலிசாரைச் சொல்லவில்லை. அவர்களாவது என்றைக்கோ ஒரு நாள் விசாரித்து முடிப்பார்கள். நான் சொல்வது, ஒரு பொருளை வாங்குவதென்று புறப்பட்டு, வாங்குவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து முடிக்கும் ஓர் அபூர்வ மனித இனத்தை. அபூர்வம் என்று மரியாதைக்குச் சொன்னேன். ஒஸ்லோவில் எந்த மாடிக் குடியிருப்பின் மின்தூக்கியைத் திறந்தாலும் உள்ளே ஒருவர் நிற்பார்.

அடையாளம் சொல்கிறேன். நீங்கள் புதிதாக ஒரு றைஸ் குக்கர் வாங்கி, பெட்டியைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு, இன்றைக்குச் சோறு பூவாக மலரப்போகிறதென்ற பூரிப்பில் மின்தூக்கிக்குள் நுழைகிறீர்கள். அங்கே அவர் நிற்கிறார். பெட்டியைப் பார்க்கிறார். தலையை ஒரு பக்கம் சாய்க்கிறார். பிறகு, செத்த வீட்டு வாசலில் நின்று "எத்தினை மணிக்கு முடிஞ்சது?" என்று கேட்கும் அதே குரலில் கேட்கிறார்:

"வாங்கிப்போட்டீங்களோ?"

"ஓம்" என்கிறீர்கள், குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"ஏன், உது சரியில்லையோ?"

"சீச்சீ. வாங்கியாச்சு, இனிப் பாவியுங்கோ."

தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போய்விடுகிறார். அன்றைக்கு உங்கள் வீட்டில் சோறு வேகாது. வெந்தாலும் வெந்ததாக உங்களுக்குத் தோன்றாது.

இந்த இனத்தின் மூலமந்திரம் ஒன்றே ஒன்று: "அவசரப்படாதேங்கோ." அதற்கு உபமந்திரங்கள் சில உண்டு. "இது போன வருசத்து மொடல்." "தையலை வடிவாப் பாத்தனீங்களோ?" "உவங்கள் வெளியிலை காட்டுறது வேறை, உள்ளுக்கை வைக்கிறது வேறை." உவங்கள் யார், உள்ளுக்குள் என்ன வைக்கிறார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். விடிந்துவிடும்.

நான் கண்டதில் இந்த இனத்தின் தலைசிறந்த பிறவி, ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் இருக்கும் இரத்தினவேலர். கலியாணத்தில் ஐயர் தாலியை எடுத்து நீட்டியபோது, வாங்கி, திருப்பி, பின்பக்கத்து வேலைப்பாட்டைப் பார்த்தவர் என்று அவருடைய மனைவி யோகாம்பாள் இன்றைக்கும் சொல்வாள். "என்னைத் திருப்பிப் பாக்கேல்லை, அதுவே பெரிய காரியம்" என்றும் சேர்த்துச் சொல்வாள்.

அவர் ஒரு புரட்டாசி மாதம் பனிக்கால டயர் விசாரிக்கத் தொடங்கினார். விசாரித்து முடிந்தபோது பனி உருகி மரங்கள் துளிர்த்துவிட்டன. இனி எதற்குப் பனிக்கால டயர் என்று கோடைகால டயரை விசாரிக்கத் தொடங்கினார். அது முடிந்த அன்று பனி கொட்டியது. இப்படியே கார் டயரில்லாமல் கற்களின்மேல் நிற்க, அதன் கூரையில் ஒரு காகம் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுக்குக் கலியாணம் பேசி, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டது. நான் பெருக்கிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அந்தக் காகத்தையே கேட்கலாம்.

ஆனாலும் சனம் அவரை நம்பியது. கட்டிலோ கணினியோ வீடோ, எது வாங்குவதென்றாலும் முதலில் இரத்தினவேலரிடம் ஒரு சொல் கேட்டார்கள். கேட்டவர்கள் ஒருவரும் எதையும் வாங்கவில்லை. ஆகவே ஒருவரும் ஏமாறவும் இல்லை. இதைவிடச் சிறந்த ஆலோசகர் கிடைப்பாரா?

இதில் ஒரு சோகமும் உண்டு. உலகத்துச் சாமான்களையெல்லாம் தெரிவு செய்யப் பிறந்த மனிதரை, உலகம் ஒருமுறையும் எதற்கும் தெரிவு செய்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சி நின்று, "நீ போய் நாங்கள் கழட்டி வைச்ச சேட்டுகளைப் பாத்துக்கொள்" என்று அனுப்பப்பட்டவர். இங்கே வந்த பிறகு சங்கத் தேர்தலில் செயற்குழுவுக்கு நின்றார். மாற்று உறுப்பினருக்கு மாற்றாகப் போட்டார்கள். மாற்று உறுப்பினர் இன்றுவரை ஒரு கூட்டம் தவறவிட்டதில்லை. நல்ல உடம்பு.

அப்படிப்பட்டவரை ஒரு நாள் ஒருத்தி தெரிவு செய்தாள்.

இலையுதிர்காலத்தில் குடியிருப்பார் எல்லாரும் ஒன்றாக இறங்கி வளவைக் கூட்டித் துப்புரவாக்கும் டுக்னாட் அன்று அது நடந்தது. மூன்றாம் மாடியில் யாரோ கம்பளம் உதற, பூச்சட்டி ஒன்று சரிந்தது. கீழே நின்றவர்கள் "ஐயோ" என்று திறந்த வாயை மூடுமுன், சைக்கிள் கொட்டிலடியில் கூட்டுவதற்குக் கொடுத்த ஒரு தும்புத்தடியின் தரத்தை ஆராய்ந்துகொண்டிருந்த இரத்தினவேலர் அதை எறிந்துவிட்டு ஓடினார். ஓடி, நிமிர்ந்து, இரண்டு கையாலும் சட்டியை ஏந்தினார். ஒரு துகள் மண் சிந்தவில்லை. ஏந்தியவர், இது எங்கே செய்ததென்று அறியச் சட்டியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தபோதுதான் மண் முழுவதும் கொட்டியது.

"பெரியப்பா! நீங்கள்தான்!" என்று கத்தினாள் கம்சாயினி. அவள் யோகாம்பாளின் தங்கை மகள். பிசியோதெரபி படித்தவள். ரொம்சோஸ் ஸ்லோபிட்ச் சொஃப்ட்போல் அணியின் தலைவி.

"நான் என்ன பிள்ளை செய்தனான்? சட்டி தானா விழுந்தது."

"அதில்லைப் பெரியப்பா. எங்கடை ரீமுக்கு அவுட்ஃபீல்டிலை ஒரு ஆள் தேடிக்கொண்டு இருக்கிறன். நீங்கள்தான் அது. வாற வைகாசியிலை ஹவுகெட்டோ ரீமோடை முதல் மட்ச். ஹான்ஸ்கே மட்டும் நீங்களே வாங்கவேணும், சரியோ?"

ஹான்ஸ்கே என்றால் கையுறை. இங்கே பிறந்த பிள்ளைகளின் தமிழில் அது தமிழ்ச்சொல்.

இரத்தினவேலரின் கண் கலங்கியது. முதல்முறையாக ஒருவர் அவரைப் பார்த்து "நீங்கள்தான்" என்றிருக்கிறார். அந்த இடத்தை உயிர்போனாலும் விடுவதில்லை என்று அந்த மண்குவியலின் மேல் நின்று அவர் முடிவு செய்தார். ஆனால் கம்சாயினி இன்னொரு சொல்லும் சொல்லிவிட்டாளே. "வாங்கவேணும்" என்று. அவரிடம் போய். முழுக் குடிகாரனிடம் தவறணைச் சாவியைக் கொடுத்த மாதிரி.

விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்து நல்ல மாதுளம்பழப் பருமன். எறிபவர் கையைத் தாழ்த்தி, அதை வானத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டு, மெதுவாக, மிக மெதுவாக இறக்குவார். அடிப்பவர் நடுவில் ஒரு தேநீர் குடித்துவிட்டும் வரலாம். ஆனால் அடிபட்ட பந்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. அடித்தவர் மூன்று மூலைகளையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். அந்தப் புறப்பட்ட இடத்துக்கு வீடு என்று பெயர். அவர் அங்கே சேருமுன் எதிரணியார் பந்து இருக்கும் கையுறையால் அவரைத் தொட்டுவிட்டால் அவுட். மைதானத்தின் பின்பக்கத்தில் நான்கு பேர் காவல் நிற்பார்கள். அதுதான் வெளிக்களம். தூரத்துப் பந்தை எட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதால் அவர்களுடைய தோல் கையுறை மற்றவர்களுடையதைவிட நீளமானது, குழி ஆழமானது. ஒரு கடைக்குப் போய் "வெளிக்களத்துக்கு ஒன்று தாருங்கள்" என்றால் தருவார்கள். பத்து நிமிட வேலை.

இரத்தினவேலருக்கு ஒரு முழுக் குளிர்காலம் தேவைப்பட்டது.

முதலில் நீளம். பதின்மூன்று அங்குலமா, பதின்மூன்றரையா? அந்த அரை அங்குலம் கார்த்திகை மாதம் வீட்டுக்குள் வந்தது, தை முடியும்வரை போகவில்லை. சாப்பாட்டு மேசையில் அதுதான் பேச்சு. அடுத்தது வலை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு தோல் வலை இருக்கும். அது ஏணி மாதிரிப் பின்னியதா, கூடை மாதிரிப் பின்னியதா? ஏணிப் பின்னல் என்றால் இடைவெளியால் சூரியனை மறைத்துக்கொண்டு பந்தைப் பார்க்கலாம் என்று விளக்கினார். யோகாம்பாள் ஜன்னல் திரையை விலக்கிக் காட்டினாள். வெளியே மத்தியானம் மூன்றரை மணிக்கே கும்மிருட்டு.

ஒரு நாள் அவளை வரவேற்பறையின் அந்தக் கோடியில் நிறுத்தினார்.

"எறியுமப்பா."

"என்னத்தை?"

"உந்த மாதுளம்பழத்தை."

"இஞ்சாருங்கோ, அது சுவாமிக்கு வைச்சது."

"சுவாமி அவுட்ஃபீல்டிலை நிக்கேல்லை. எறியும்!"

எறிந்தாள். இருபத்தெட்டு வருடக் கலியாணத்தில் கணவனை நோக்கி எதையும் எறிவதற்குக் கிடைத்த முதல் அனுமதி. அதை அவள் வீணாக்கவில்லை. முதல் பழம் அவர் நெஞ்சில் வெடித்தது. இரண்டாவது சுவரில். மூன்றாவதை எறியச் சொல்லி அவர் கேட்கவில்லை. அவளாகவே எறிந்தாள்.

பிறகு அறிஞர்களிடம் கேட்கும் கட்டம். ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் சூசைரட்ணத்துக்குத் தொலைபேசி எடுத்தார். நாட்டின் வடக்குத் தொங்கலில் இருக்கும் சூசைரட்ணத்துக்கும் இந்த விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் காலையிலிருந்து மாலைவரை கையுறையோடு நிற்கிற மனிதர். கையுறையைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்?

"தம்பி சூசை, ஒரு நல்ல கையுறைக்கு என்ன முக்கியம்?"

"வழுக்கக் கூடாதண்ணை."

"பிறகு?"

"தண்ணி உள்ளுக்கை போகக்கூடாது."

"பிறகு?"

"மணக்கும். அதுக்கு ஒண்டும் செய்யேலாது."

இரத்தினவேலர் இதைப் பெரிய இரகசியம்போல மனதில் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் முழுக்கக் கண்ட கையுறையையெல்லாம் மணந்து பார்த்தார். சுரங்க ரயிலில் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் வைத்திருந்த கம்பளிக் கையுறை உட்பட. அவள் அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டாள். அது அவள் இறங்கவேண்டிய நிலையமாகத் தெரியவில்லை.

சித்திரை பிறந்தது. கம்சாயினி வந்தாள்.

"பெரியப்பா, ஹான்ஸ்கே எங்கை?"

"விசாரிச்சுக்கொண்டு இருக்கிறன், பிள்ளை. கிட்டமுட்ட முடிஞ்சுது."

"பெரியப்பா, வடிவாக் கேளுங்கோ. முதல் மட்ச் அண்டைக்குக் கையிலை ஹான்ஸ்கே இல்லையெண்டால் ஜோன்சன் அண்ணைதான் அந்த இடத்திலை நிப்பார். நான் சொல்லிப்போட்டன்."

ஜோன்சன்! இந்த ஜோன்சன் யாரென்றால், விசாரணைக்காரர் இனத்துக்கு நேர் எதிரான இனம். கடைக்குள் போவார், கைக்கு முதலில் படுவதை எடுப்பார், வெளியே வருவார். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கதவு திறந்திருந்ததால் அந்த வீட்டையே வாங்கிவிட்டவர் என்று கதை. மழை விடும்வரைகூட யோசிக்கவில்லையாம். அந்த வீடு ஒழுகவில்லை என்பதுதான் இரத்தினவேலரால் தாங்கமுடியாத விஷயம். அவரிடமா அந்த இடத்தை விடுவது?

மறுநாளே யோகாம்பாளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். ஒரு பையில் அளவுநாடாவும் கைவிளக்கும் மாதுளம்பழமும் போயின. கடையில் இருந்த கையுறைகளை ஒவ்வொன்றாக எடுத்தார், அளந்தார், விளக்கடித்தார், மணந்தார், பழத்தை உள்ளே போட்டுக் குலுக்கினார். விற்பனைக்கு நின்ற நோர்வேஜியப் பிள்ளை முதலில் சிரித்தாள், பிறகு பயந்தாள், பிறகு ஒரு கதிரை கொண்டுவந்து யோகாம்பாளுக்குக் கொடுத்தாள். கடைசியில் இரத்தினவேலர் ஒன்றைத் தூக்கி, "இதுதான்" என்றார். கடையே மூச்சு விட்டது.

"நல்ல தெரிவு" என்றாள் அந்தப் பிள்ளை. "எந்தக் கையால் எறிவீர்கள்?"

"வலக்கையால்."

அவள் கையுறையை எடுத்து அவருடைய இடக்கையில் மாட்டினாள். இரத்தினவேலர் துள்ளி விலகினார், தலையில் யாரோ செருப்பைக் கவிழ்த்த மாதிரி.

"என்ன வேலை செய்யுது இந்தப் பிள்ளை! இடக்கையாலை வாங்கச் சொல்லுது!" என்றார் மனைவியிடம்.

யோசித்துப் பாருங்கள். கோயிலில் விபூதி, சபையில் தாம்பூலம், பெற்றவள் நீட்டிய குழந்தை, எதையாவது இடக்கையால் வாங்கிய பரம்பரையா அது? சின்ன வயதில் இடக்கையை நீட்டியதற்கு வாங்கிய அடி அந்த முழங்கையில் இன்னும் இருக்கிறது.

"பந்துதானே, பிரசாதமோ?" என்றாள் யோகாம்பாள் கதிரையில் இருந்தபடி.

"பந்தெண்டாலும் எங்களிட்டை வாறதுதானே. வாறதை வலக்கையாலைதான் வாங்கவேணும்."

"அப்ப பேந்து எந்தக் கையாலை எறியிறது?"

"அதைப் பிடிச்சாப் பிறகு பாப்பம். நீர் சும்மா இரும்."

கடைக்காரப் பிள்ளை நல்லவள். வலக்கையில் போடுவது இடக்கையால் எறிகிறவர்களுக்கு என்று இரண்டு முறை சொன்னாள். இரத்தினவேலர் பரிவோடு சிரித்தார். இடக்கையால் கோப்பி நீட்டுகிற நாட்டுப் பிள்ளைக்கு எதைச் சொல்லி விளங்கவைப்பது? நீளம், ஆழம், வலை, தையல், மணம் எல்லாம் விசாரித்த மனிதர் அந்த ஒன்றை மட்டும் விசாரிக்கவில்லை. தெரியாததைத்தானே விசாரிக்கவேண்டும். இது அவருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

அதே கையுறையில் வலக்கைக்கானது வீட்டுக்கு வந்தது. புதுத்தோல் விறைப்பாக இருந்தது. தோலுக்குப் பூசும் களிம்பு ஒன்றைக் கடைக்காரப் பிள்ளை காட்டியிருந்தாள். "உவங்கள் அதுக்குள்ளை என்ன வைக்கிறாங்களோ" என்று இரத்தினவேலர் வேண்டாம் என்றுவிட்டார். தோல் என்றால் தேங்காயெண்ணெய். தலைக்கும் அதுதான், காலுக்கும் அதுதான், மாட்டுக்கு மட்டும் வேறா? அரைப் போத்தல் குடித்தது அந்தக் கையுறை. சூடேற்றிய வரவேற்பறையில் அது வாழைக்குருத்துப்போல வளைந்து கொடுத்தது. சுவாமியறையில் வைத்து மணிக்கட்டுப் பட்டியில் சந்தனப் பொட்டும் வைத்தார்கள். அறை முழுக்கச் சுண்டல் வாசம்.

மட்ச் நாள். வைகாசி மாதம் என்று பெயர்தானே தவிர, வடக்கேயிருந்து வந்த காற்று காதைக் கடித்தது. மடக்குக் கதிரைகளில் போர்வையோடு சனம். யோகாம்பாள் ஒரு பெரிய பிளாஸ்க்கில் இஞ்சித் தேநீரோடு முன்வரிசையில். மேலங்கிக்குள் நெஞ்சோடு அணைத்துச் சூடாகக் கொண்டுவந்த கையுறையை இரத்தினவேலர் வெளியே எடுத்து மாட்டினார்.

கம்சாயினி பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள்.

"பெரியப்பா, மற்றக் கை."

"இதுதான் கை, பிள்ளை."

"நீங்கள் எழுதுறது, சாப்பிடுறது எல்லாம் வலக்கை. எறியிறதும் வலக்கைதானே?"

"வேறென்னத்தாலை?"

"அப்ப வலக்கையிலை ஹான்ஸ்கே போட்டால் எப்பிடி எறிவீங்கள்?"

இரத்தினவேலர் கையுறையைத் திருப்பி, பின்பக்கத்துத் தையலைப் பார்த்தார். பின்னால் வாங்கில் உட்கார்ந்திருந்த ஜோன்சன் எழுந்து நின்று, முந்தாநாள் போகிற போக்கில் வாங்கிய கையுறையை இடக்கையில் மாட்டிக்கொண்டு, வலக்கையால் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவசரப்படாதை, பிள்ளை" என்றார் இரத்தினவேலர். "என்னை நீ தெரிவு செய்தனி. நான் பாத்துக்கொள்ளுறன்."

கம்சாயினி பெருமூச்சு விட்டாள். "சரி, ஸ்லாப் அவ், ஆறுதலா இருங்கோ. ஆனா ஒரு பந்து பிழைச்சாலும் ஜோன்சன் அண்ணை உள்ளை வருவார். பேந்து சீசன் முழுக்க அவர்தான்."

விளையாட்டு நடந்தது. வெளிக்களத்தின் இடது கோடியில் இரத்தினவேலர் நின்றார். நின்றார். நின்றுகொண்டேயிருந்தார். பந்து எல்லாப் பக்கமும் போனது, அவர் பக்கம் மட்டும் வரவில்லை. அடிக்கும் முறை வந்தபோதும் கையுறையை அவர் கழற்றவில்லை. மூன்று முறையும் அதோடு நின்றே ஆட்டமிழந்தார். காற்று வீசியது. ஒஸ்லோக் குளிரில் தேங்காயெண்ணெய்க்கு என்ன ஆகும் என்று சமையலறைக்குள் போகிற எல்லாருக்கும் தெரியும். இரத்தினவேலர் சமையலறைக்குள் போகிறவரல்ல. கையுறை மெல்ல மெல்ல வெளுத்தது, இறுகியது, மெழுகுவர்த்தி வார்த்த மாதிரி ஆகிவிட்டது.

ஹவுகெட்டோ அடிக்கும் கடைசி முறை. ரொம்சோஸ் ஓர் ஓட்டம் முன்னால். இன்னும் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால் வெற்றி. ஆனால் ஹவுகெட்டோவின் றொஷான் இரண்டாவது மூலையில் நிற்கிறான். பஸ் ஓட்டுகிற பெடியன், பஸ்ஸைவிட வேகமாக ஓடுவான். அவன் வீடு சேர்ந்தால் சமநிலை, பிறகு கடவுள்தான் காக்கவேண்டும். ஹவுகெட்டோப் பெட்டை ஒருத்தி ஓங்கி ஓர் அடி அடித்தாள். பந்து எழும்பி, யோசித்து, நேரே இரத்தினவேலரை நோக்கி இறங்கியது.

ஓடிவந்து பிடித்திருந்தால் அதோடு ஆட்டம் முடிந்திருக்கும். ஆனால் அவர் பந்தையும் விசாரித்துக்கொண்டு நின்றார். அது முன்னால் விழுந்து, ஒருதரம் துள்ளி, கையுறைக்குள் புகுந்தது. டப்! உறைந்த தோல் அதன்மேல் மூடிக்கொண்டது. சிப்பி மூடுகிற மாதிரி.

"எறியுங்கோ பெரியப்பா!"

இரத்தினவேலர் இடக்கையால் கையுறையைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. முழங்காலுக்கிடையில் வைத்து இழுத்தார். கை கொஞ்சம் வந்தது, கையுறை வரவில்லை. பிறகு கையும் வரவில்லை. றொஷான் மூன்றாவது மூலையைத் தாண்டிவிட்டான்.

"எறியுங்கோவண்ணை!" என்று ஹவுகெட்டோக்காரரே இரக்கப்பட்டுக் கத்தினார்கள்.

ஜோன்சன் வாழைப்பழத்தோலை எறிந்துவிட்டு உள்ளே வர ஆயத்தமானார். அதை இரத்தினவேலர் கண்டார். கண்டதும் ஓடினார். ஐயா, அம்மா, அது ஓட்டமா! பந்தும் கையுறையும் கையுமாக, தலைக்கு மேலே தீச்சட்டி ஏந்தினவர்போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சந்தனப் பொட்டு வெயிலில் பளபளக்க, தொப்பி ஒரு பக்கம் பறக்க, "விடு! விடு! வழியை விடு!" என்று சொந்த அணிக்காரரையே தள்ளிக்கொண்டு வெளிக்களத்திலிருந்து வீட்டை நோக்கி ஒரே கோட்டில் வந்தார். சனம் எழும்பிவிட்டது. ஒரு நாய் கூடவே ஓடியது.

றொஷான் செய்த ஒரே பிழை, ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தது. பார்த்தவன் சிரித்தான். சிரித்தவனுக்குக் கால் பின்னியது. வீட்டுக்கு நாலெட்டு இருக்கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தவன், "அண்ணை, பிளீஸ், வேண்டாமண்ணை" என்று கண்ணீர் வழியக் கெஞ்சியபடி முழங்காலில் இருந்துவிட்டான். இரத்தினவேலர் வந்து, அந்த மெழுகுக் கையுறையால் அவன் முதுகில் ஒரு சாத்துச் சாத்தினார். அது நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஹவுகெட்டோவரை கேட்டிருக்கும்.

நடுவராக நின்ற நோர்வேஜிய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பந்து உள்ளே இருக்கிறதா? நான் கண்ணால் பார்க்கவேண்டும்" என்றார். நியாயம்தானே. பந்து வழியில் விழுந்திருந்தால் றொஷான் இன்னும் தவழ்ந்தாவது வீடு சேரலாம். இரண்டு பேர் இழுத்தார்கள். மூன்று பேர் இழுத்தார்கள். கையுறை வாய் திறக்கவில்லை. இரத்தினவேலரின் முகம் வெளிறியது.

அப்போது யோகாம்பாள் எழுந்து வந்தாள். பிளாஸ்க் மூடியைத் திருகினாள்.

"கையை நீட்டுங்கோ."

"சுடுமப்பா!"

"நீங்கள் சும்மா இருங்கோ" என்று சொல்லி, இஞ்சித் தேநீரைக் கையுறையின் தலையில் ஊற்றினாள். ஆவி பறந்தது. எண்ணெய் இளகியது. மைதானம் முழுக்கத் தேங்காயும் இஞ்சியும் மணக்க, கையுறை மெதுவாக மலர்ந்தது. உள்ளே பந்து, அபிஷேகம் முடிந்த விக்கிரகம் மாதிரி, சொட்டச்சொட்ட.

நடுவரம்மா கையை உயர்த்தினார். அவுட்.

அதன்பின் நடந்தது எனக்குப் பாதிதான் தெரியும். மீதி சிரிப்பில் போய்விட்டது. தோளில் தூக்கினார்கள் என்பது நிச்சயம். "சீசன் முழுக்க நீங்கள்தான், பெரியப்பா" என்று கம்சாயினி அழுதுகொண்டே சொன்னதும் நிச்சயம். அழுதது மகிழ்ச்சியிலா, வரப்போவதை நினைத்தா என்று எனக்குத் தெரியாது.

ஏனென்றால் வரக்கூடாதது உடனேயே வந்துவிட்டது. அண்மையில் சென்னையிலிருந்து வந்த கணினிக்காரர் ரிஷிகேசன் ஓடிவந்து, "சார், செம சார்! ரைட் ஹேண்ட் கிளவ்ல இவ்ளோ விஷயம் இருக்கா? அந்த எண்ணெய் என்ன பிராண்ட் சார்?" என்றார். அவருக்குப் பின்னால், தலையைச் சொறிந்துகொண்டு, ஜோன்சன். வாழ்க்கையில் ஒரு பொருளுக்காக ஒருவரிடமும் வாய் திறந்து கேட்டறியாத ஜோன்சன்.

"அண்ணை, நான் ஒரு கார் எடுப்பமெண்டு இருக்கிறன். ஒருக்கா வந்து பாக்கிறீங்களே?"

இரத்தினவேலர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒரு தெய்வீக அமைதி.

"அவசரப்படாதேங்கோ" என்றார்.

அடுத்த பயிற்சிக்கு ரொம்சோஸ் அணியில் ஏழு பேர் வலக்கையில் கையுறையோடு வந்தார்கள். மைதானம் அப்பக்கடை மாதிரி மணந்தது. ஒருவரும் எறிவதில்லை, எல்லாரும் பந்தோடு ஓடுகிறார்கள். கம்சாயினி எந்த நேரமும் நான்கு பிளாஸ்க் சுமக்கிறாள். ஜோன்சன் நடந்து வருகிறார், கார் இன்னும் விசாரணையில்.

இனி உங்களிடம் வருகிறேன். சிரித்தீர்கள், சந்தோசம். இப்படிப்பட்டவர்கள் உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள் என்று பெயர்களும் நினைத்துக்கொண்டீர்கள். ஆனால் கொஞ்ச நேரமாக உள்ளே ஏதோ அரித்துக்கொண்டிருக்கிறதே, எனக்கு விளங்காதென்றா நினைத்தீர்கள்? இவ்வளவு நீட்டி முழக்கிய நான், அந்தக் கையுறை எந்தக் கம்பனி என்று சொல்லவில்லை. கடைசியில் பதின்மூன்றா பதின்மூன்றரையா என்று சொல்லவில்லை. வலை ஏணியா கூடையா என்றும் சொல்லவில்லை. உங்களுக்கு அந்த விளையாட்டுத் தெரியாது. விளையாடுகிற எண்ணமும் கிடையாது. வீட்டில் கையுறை வைக்க இடமும் இல்லை. இருந்தாலும், சும்மா, ஒன்றுக்கும் இல்லை, தெரிந்து வைத்திருந்தால் நல்லதுதானே என்று ஒரு நினைப்பு.

சொல்லட்டுமா?

பார்த்தீர்களா, கிட்ட வருகிறீர்கள்.